கவ்வாத்துச் சாமிக்கு மெழுகுதிரி

அத்தியாயம் 4

வலது சப்பாத்துக்குள் தண்ணீர் புகுந்து அரைமணி நேரமாகிவிட்டது. துப்பறியும் கந்தப்பனுக்கு அதைக் கழற்றி உதறக்கூட மனம் வரவில்லை. உதறினால் மட்டும் என்ன? வெளியே காலை வைத்ததும் மறுபடி நிறையத்தான் போகிறது. லிந்துலைக்கு மேலே பென்ட்லோ தோட்டத்தில் மூன்று நாளாக விடாத ஐப்பசி மழை, மூன்று நாளாகக் கிடைக்காத ஒரு கல். இரண்டில் எது தன்னை அதிகம் வதைக்கிறது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

அவர் நின்றது பழைய பங்களாவின் முன் ஹாலில். வெள்ளைக்காரத் துரைமார் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்துவிட்டு, பத்து வருஷத்துக்கு முன், அதாவது நாற்பத்தேழில், கீழே புதுப் பங்களா கட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்ட வீடு. கந்தப்பன் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். உத்தரத்திலிருந்து மரத்தூள் பொலபொலவென்று அவர் தொப்பியில் கொட்டியது.

"தொப்பிக்கு பவுடர் பூசிட்டீங்க சார்," என்றாள் பெற்றீசியா. "இனி நேரா கல்யாண வீட்டுக்கே போகலாம்."

பெற்றீசியா அவருடைய உதவியாள். தலவாக்கலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாலு வருஷம் அடுத்தவர் பேச்சைக் கேட்டே பழகியவள். அட்டனில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் கந்தப்பன் ஆபீஸ் திறந்ததும், "அங்க ஒளிஞ்சு கேட்டேன், இங்க நேராவே கேக்கலாம்" என்று வந்து சேர்ந்துகொண்டாள். வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவள். ஆனால் கண் கூர்மை.

"மணி என்ன?"

"பதினொன்னேகால். மூணு மணிக்கு கொழும்பு ஐயா வந்துருவாரு. அதுக்குள்ள கல்லு வரணும். இல்லாட்டி வீடு போயிரும்."

"எனக்குத் தெரியாமலா கேட்டேன்?" என்று சீறினார் கந்தப்பன்.

விஷயம் இதுதான். இந்த வீட்டை இடித்துக் கருங்கல்லை ஃபெக்டரி வேலைக்கு எடுத்துக்கொள்வதென்று கம்பெனி முடிவு செய்திருந்தது. தேயிலை வருவதற்கு முன்னால், காப்பிக் காலத்திலேயே கட்டிய கட்டடம் என்று பழங்கட்டட அதிகாரி ஒருவர் கொழும்பிலிருந்து வந்து பார்த்து ஒப்புக்கொண்டால் மட்டும் இடிப்பதில்லை. அதற்கு அத்தாட்சி வாசல் நிலைக்கு மேலே பதித்திருந்த வருஷக்கல். அந்தக் கல்லைத்தான் ஞாயிற்றுக்கிழமை காணவில்லை. இருந்த இடத்தில் ஒரு பொந்துதான் மிச்சம்.

கல்லைப் பெயர்க்க ஏணி வேண்டும். ஏணி பூட்டிய வீட்டுக்குள் இருந்தது. சாவி பங்களாச் சமையல்காரரான குசினி அப்பு இராயப்பனின் இடுப்பில் இருந்தது. பெரிய துரைக்கு அதற்குமேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. புதன்கிழமை மூன்று மணிக்குள் கல் வராவிட்டால் இராயப்பனுக்குப் பத்துச்சீட்டு, அதாவது வேலையிலிருந்து விலக்கும் கடிதாசி, என்று சொல்லிவிட்டார். வேலையோடு குசினியை ஒட்டிய இரண்டு அறையும் போகும். பிரஜாவுரிமை மனு தள்ளுபடியான மனிதர். மனைவி, மூன்று பிள்ளைகள். வேறெந்தத் தோட்டம் சேர்த்துக்கொள்ளும்? அவர் மனைவி மரியநாயகி திங்கட்கிழமை முதல் பஸ்ஸிலேயே அட்டனுக்கு வந்து, "இவரு எடுக்கல ஐயா. எடுத்தவன கண்டுபுடிச்சுக் குடுங்க" என்று மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். இன்று புதன்.

"அந்தக் கல்லைப் பத்தி எழுதினதை வாசி," என்றார் கந்தப்பன்.

பெற்றீசியா கொப்பியைப் புரட்டினாள். "கல்லுல இருந்த வருஷம் என்னன்னு நாலு பேருகிட்ட கேட்டோம். கங்காணி சொன்னது ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தெட்டு. ஃபெக்டரியில அறுபத்தொண்ணு. கோயில் பூசாரி ஐம்பத்தஞ்சு. கிளாக்கர் ஐயா நாப்பத்தெட்டு. ஆளுக்கு ஆள் வயசு ஏறிக்கிட்டே போகுது சார். இன்னும் ரெண்டு பேரக் கேட்டா இராவணன் கட்டுன வீடாயிரும்."

கந்தப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. கண்ணால் பார்த்த ஒரு வருஷத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் ஒரு துப்பறிகிறவன் என்னதான் செய்வான்?

"ஐயா, தேத்தண்ணி ஆறுது," என்று பின்னாலிருந்து மரியநாயகியின் குரல் வந்தது.

குசினிக்குள் புகை மண்டிக் கிடந்தது. மேலே உத்தரங்கள் கன்னங்கரேலென்று இருந்தன. கந்தப்பனுக்குக் கண் கரித்தது. பெற்றீசியா புகை போகட்டும் என்று ஒரு ஜன்னலைத் திறந்தாள். ஒரு சாண் தள்ளிக் கருங்கல் சுவர்தான் தெரிந்தது.

"இது என்னக்கா, சுவத்த வேடிக்கை பாக்கவா ஜன்னல் வச்சிருக்காங்க?"

"தெரியாது தங்கச்சி. அப்படியேதான் இருக்கு," என்றாள் மரியநாயகி.

புகை தாங்காமல் கந்தப்பன் கோப்பையோடு வெளியே வந்து, கல் பாவிய பின்முற்றத்துப் படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தார். ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றியது. தூறல் சற்று ஓய்ந்திருந்தது.

"கால கீழ வைங்க ஐயா, இங்க தண்ணி நிக்காது. மழ விட்ட பத்து நிமிசத்துல நான் மொளகாய காயப் போட்டுருவேன்," என்றாள் மரியநாயகி.

மிளகாய்க் கதை கேட்கிற நிலையில் கந்தப்பன் இல்லை. "அம்மா, நீங்க பார்த்தப்ப கல்லுல என்ன வருஷம் இருந்துச்சு?" என்று ஐந்தாவது ஆளிடமும் கேட்டு வைத்தார்.

"நான் எங்க ஐயா பாத்தேன்? சுண்ணாம்பு மேல சுண்ணாம்பு அடிச்சு, நான் கல்யாணமாகி வந்த நாள்லயே எழுத்து மூடித்தான் கெடந்துச்சு. காப்பிக் காலத்துக் கல்லுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அவ்வளவுதான். கொழும்பு ஐயா வர்றாருன்னு தொரை சனிக்கிழமதான் சொரண்டச் சொன்னாரு."

கந்தப்பன் கோப்பையைக் கீழே வைத்தார். "சுரண்டினது யாரு?"

"இவருதான்," என்று சொன்ன மரியநாயகி, தான் சொன்னது தனக்கே எட்டியதும் வாயை மூடிக்கொண்டாள்.

நாலு பேர் நாலு வருஷம் சொன்னதற்குக் காரணம் வேறொன்றுமில்லை. நாலு பேரும் கல்லைப் பார்த்ததே இல்லை. எழுத்தைப் பார்த்த மனிதர் ஒரே ஒருவர். பார்த்த மறுநாள் கல்லைக் காணோம்.

"ஞாயித்துக்கிழமை அவரு எங்க போனாரு?"

"பூசைக்கு வரல. வெறகு எடுக்கணும்னு போனாரு." அவள் குரல் இறங்கிவிட்டது. "இவரு அப்படிச் செய்ய மாட்டாரு ஐயா."

இராயப்பனையே கேட்டுவிடலாம் என்றால் அவர் அங்கே இல்லை. கொழும்பு அதிகாரிக்கும் துரைக்கும் மதியச் சாப்பாடு சமைக்கப் புதுப் பங்களாவுக்குப் போயிருந்தார். கந்தப்பன் ஈரச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். துரை காவலுக்கு நிறுத்தியிருந்த கணக்குப்பிள்ளை வீரய்யா அங்கே குடையோடு நின்றார்.

"ஞாயித்துக்கிழமை அப்பு விறகுக்குப் போனதைப் பார்த்தீங்களா?"

"பாத்தேங்க. போன வாரம் கவ்வாத்து வெட்டுன மலைக்கு போனாரு. மிலாறு பொறுக்கத்தான். எல்லாரும் வெட்டி விழுந்த தேயிலைக் குச்சிதானே அடுப்புக்கு எடுக்குறது. ஆனா ஒண்ணு பாருங்க, போறப்ப சாக்கு ரொம்பி இருந்துச்சு. வாறப்ப வெறுமையா இருந்துச்சு. கேட்டா, 'வெறகு ஈரம்'னாரு."

"இதை ஏன்யா மூணு நாளாச் சொல்லல?"

வீரய்யா நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நீங்க கல்லப் பாத்தியான்னுதானே கேட்டீங்க? சாக்கப் பத்தி யாரு கேட்டா?"

கந்தப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு வழியைக் காட்டச் சொன்னார்.

கவ்வாத்து மலை ஒரு மைல் ஏற்றம். முழங்காலளவுக்கு வெட்டிவிட்ட தேயிலை மரங்கள் மொட்டை மொட்டையாக நின்றன. அட்டை கடித்த இடத்தில் பெற்றீசியா சவுக்காரம் தேய்த்துக்கொண்டே வந்தாள். ஒரு மணி நேரம் வாய்க்கால், புதர், குச்சிக் குவியல் எல்லாம் கிளறியும் கல் அகப்படவில்லை. இருந்தது ஒரே கல். சவுக்கு மரத்தடியில் மஞ்சளும் குங்குமமும் அப்பி, தேங்காய் மூடியும் சுருட்டும் படைத்திருந்த கவ்வாத்துச் சாமி. புது மலையில் கத்தி வைக்குமுன் ஒரு கல்லை நட்டுக் கும்பிடுவது தோட்டத்து வழக்கம். கவ்வாத்துக் கத்தி கையைப் பதம் பார்க்காமல் அந்தச் சாமிதான் காக்க வேண்டும். கந்தப்பன் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

"சார்," என்றாள் பெற்றீசியா. அவள் சாமிக்கு முன்னால் குந்தியிருந்தாள். "நீங்க சாமிக்கு என்ன கொளுத்துவீங்க?"

"சூடம். இப்ப அதுக்கு என்ன?"

"சூடம்னா கரி புடிச்சு கறுப்பா நிக்கும். இங்க வெள்ளையா ஒழுகி நிக்குது. எங்க மாதா கோயில் படியில மாசா மாசம் நான் சொரண்டுறது இதத்தான். இது மெழுகுதிரி சார்."

கந்தப்பன் ஓடி வந்து பார்த்தார். தேங்காய்க்கும் சுருட்டுக்கும் நடுவே மெழுகு உறைந்து கிடந்தது. எந்தக் கவ்வாத்துக்காரனும் இந்தச் சாமிக்கு மெழுகுதிரி ஏற்ற மாட்டான். அடுத்தவர் சாமி இடத்தில் கல்லை ஒளித்துவிட்டு, மனசு கேட்காமல், தனக்குத் தெரிந்த விதத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார் ஒரு வேதக்காரர்.

"இந்தக் கல்லை நட்டது யாரு?" என்றார் வீரய்யாவிடம்.

வீரய்யா தலையைச் சொறிந்தார். "திங்கக்கிழம இந்தப் பக்கம் புதுசா வெட்ட வந்தப்பவே மஞ்ச பூசி நின்னுச்சுங்க. கவ்வாத்து ஆளுங்க நட்டாங்கன்னு நான் நெனச்சேன். நான் நட்டேன்னு அவங்க நெனச்சாங்க போல."

கந்தப்பன் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கல்லைப் புரட்டினார். மரத்தைப் பார்த்திருந்த பக்கத்தில் எழுத்து இருந்தது. மண்ணைத் துடைத்தார்.

1897.

காப்பி நோய் கண்டு செத்து, தேயிலை வேரூன்றி வெகு காலம் ஆன பிறகு கட்டிய வீடு. இந்தக் கல் தொலைந்தாலும் வீடு போகும், கிடைத்தாலும் போகும். மூன்று நாள் நனைந்து, மலையேறி, அட்டைக்கு இரத்தம் கொடுத்து, தன்னை நம்பி வந்தவள் வீட்டுக்குத் தானே கடப்பாரை எடுத்துக் கொடுக்கிறோமே என்று கந்தப்பனுக்கு நெஞ்சு எரிந்தது. பெற்றீசியாவுக்குக்கூடக் கிண்டல் வரவில்லை.

வீரய்யா கல்லைச் சாக்கில் போட்டுச் சுமந்துகொண்டு முணுமுணுத்தபடியே இறங்கினார். "மூணு நாளா ஒருத்தன் கையில வெட்டு இல்ல. நல்ல சாமிங்க இது."

அவர்கள் குசினி முற்றத்துக்கு வந்தபோது இரண்டரை மணி. இராயப்பன் சமையல் முடித்து வந்திருந்தார். சாக்கைப் பார்த்ததும் படியில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வயது மனிதர். வெள்ளைக் கோட்டில் குழம்புக் கறை.

"சொரண்டச் சொரண்ட ஒண்ணு வந்துச்சு, எட்டு வந்துச்சு. சந்தோசமா இருந்துச்சு ஐயா. அடுத்து அஞ்சோ ஆறோ வரும்னு பாத்தேன், ஒம்பது வந்துச்சு," என்றார். "கல்லு இல்லாட்டி ஊர் சொல்ற கத நிக்கும். கல்லு இருந்தா கல்லு சொல்றதுதான் நிக்கும். அதான் எடுத்தேன். பழி என் மேலேயே விழும்னு நெனைக்கல."

"உங்க பொஞ்சாதி என்னைக் கூட்டியாந்து உங்களையே பிடிக்க வச்சிருக்காங்க," என்றார் கந்தப்பன் கசப்போடு.

மரியநாயகி கணவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். 

இராயப்பன் உள்ளே போய் ஒரு உளியோடு வந்தார். "அந்த ஒம்பத ஆறாக்கிருங்க ஐயா. வால கொஞ்சம் மாத்தணும். எனக்குக் கை நடுங்குது. பிள்ளைங்க மூணும் இந்தக் குசினியிலதான் பொறந்துச்சுங்க."

கந்தப்பன் உளியை வாங்கினார். கல்லைப் பார்த்தார். ஆறு என்று ஆகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஒருவருக்கும் நஷ்டமில்லை.

"இருபது வருஷமா நான் பிடிச்சது எல்லாம் இந்த மாதிரிக் கள்ள ஆறுகளைத்தான்," என்றார் கடைசியில். "உளியை உள்ள வைங்க."

சொல்லிவிட்டாரே தவிர, அந்த நிமிஷம் அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. பெரிய துரையோடு இறங்கிய அதிகாரி அபேகோன், கறுத்த குடையும் குறிப்புப் புத்தகமுமாகச் சின்ன உருவம். கந்தப்பன் முன் ஹால் மேசையில் கல்லை வைத்தார். அபேகோன் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். புத்தகத்தை மூடினார்.

"நன்றாகக் கட்டிய வீடுதான். ஆனால் இதுபோல மலைநாட்டில் எத்தனையோ இருக்கின்றன," என்றார்.

துரை தோட்டத்துத் தமிழில் இராயப்பனிடம், "நாளைக்கி காலைல ஆபீசுக்கு வா," என்றார். எதற்கென்று எல்லோருக்கும் தெரியும்.

கந்தப்பனால் அங்கே நிற்க முடியவில்லை. விடுவிடென்று பின்பக்கம் போனார். மழை விட்டிருந்தது. மரியநாயகி முற்றத்தில் பாய் விரித்து மிளகாய் பரப்பிக்கொண்டிருந்தாள். வீடே போகப்போகிறது, இவள் மிளகாய் காயப்போடுகிறாளே என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மலை முழுக்கச் சேறு. முன்வாசலில் கணுக்காலளவு தண்ணீர். இந்த முற்றத்தில் மட்டும் ஒரு சொட்டு தேங்கவில்லை. கந்தப்பன் குனிந்து பார்த்தார். நடு மேடாக, நாலு பக்கமும் நூல் பிடித்ததுபோலச் சரிவு. விளிம்பெல்லாம் கல் வாய்க்கால். இருநூறு பேரைக் காலைப் பெரட்டுக்கு வரிசையாக நிறுத்தலாம், அத்தனை அகலம்.

"பெற்றீசியா, ஒரு குசினிக்கு எதுக்கு இவ்வளவு பெரிய முற்றம்?"

"அதையே நானும் கேக்கணும்னு இருந்தேன் சார். ஜன்னல் வேற சுவத்தப் பாத்துத் தெறக்குது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவரைப் பார்க்க யாரும் ஜன்னல் வைப்பதில்லை. ஜன்னல் வைத்தபோது அங்கே சுவரே இல்லை. முன்வீடு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கும் முன்னாலேயே குசினி இருந்திருக்கிறது.

"தேயிலையை ஃபெக்டரிக்குள்ளதான் காய வைப்பாங்க," என்றார் கந்தப்பன். "வெயில்ல களத்துல காய்றது எது?"

பெற்றீசியாவுக்குப் புரிந்துவிட்டது. ஜீப் கிளம்புமுன் அதிகாரியைப் பிடிக்க ஓடினாள்.

அபேகோன் முற்றத்தில் ஒரு காலை வைத்ததுமே குடையைக் கீழே போட்டுவிட்டார். முழங்காலில் விழுந்து சுண்ணாம்பைச் சுரண்டினார், வாய்க்காலை அளந்தார், குசினிக்குள் ஓடி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எதிர்ச்சுவரைத் தட்டினார். வெளியே வந்தபோது முகமெல்லாம் கரி.

"இது காப்பி காயவைத்த களம். அது குசினியே இல்லை, காப்பி வைத்த கிட்டங்கி. இந்த மலையிலேயே பழைய கட்டடம் இதுதான். முன்வீடு உங்கள் இஷ்டம். இதில் ஒரு கல்லைத் தொடக்கூடாது."

இராயப்பன் சிலுவை போட்டுக்கொண்டார். கந்தப்பன் மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரிக்க வாயெடுத்தார். அதற்குள் அபேகோன் எழுதிக்கொண்டே சொன்னார்: "அடுப்பை அணைத்துவிட்டு இந்த வாரமே ஆட்களை வெளியே அனுப்ப வேண்டும். பூட்டி வைத்தால்தான் பாதுகாப்பு."

கந்தப்பனுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வீடு பிழைத்துவிட்டது, வீட்டுக்காரிக்கு இடமில்லை. அவர் வாதாட ஆரம்பிக்குமுன் மரியநாயகி அடுப்பு ஊதும் இரும்புக் குழலைக் கையில் எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் வாங்க மாத்தயா," என்று சிங்கள மரியாதைச் சொல்லால் அதிகாரியைக் கூப்பிட்டு முன் ஹாலுக்கு நடந்தாள்.

அங்கே உத்தரத்தைக் குழலால் ஒரு தட்டுத் தட்டினாள். மரத்தூள் அதிகாரியின் தோளிலும் துரையின் மீசையிலும் கொட்டியது. அப்படியே திரும்பி வந்து குசினி உத்தரத்தைத் தட்டினாள். கல்லில் தட்டியதுபோல ஓசை வந்தது.

"அங்க குளிருக்கு நெருப்பு மூட்டி பத்து வருஷமாச்சு. இங்க ஒரு நாளும் அணையல," என்றாள். "இந்த மரத்த உளுக்காம வச்சிருக்கறது என் அடுப்புப் பொக. பூட்டிட்டுப் போங்க ஐயா. இன்னும் பத்து வருஷம் கழிச்சு வந்து தூள அள்ளிக்கிட்டுப் போகலாம்."

அபேகோன் நெடுநேரம் கறுத்த உத்தரத்தைப் பார்த்தார். எழுதியதை ஒரே கோடாக அடித்தார். பிறகு உரக்க வாசித்துக்கொண்டே எழுதினார்: "அடுப்பு தொடர்ந்து எரிய வேண்டும். எரிப்பவர்கள் இங்கேயே குடியிருக்க வேண்டும்."

"கல்லத் திருடுன ஆளு?" என்றார் துரை.

"கல்லு தோட்டத்த விட்டு எங்கயும் போகலையே தொரை," என்றாள் பெற்றீசியா. "கவ்வாத்து மலைக்கு மூணு நாள் வேலைக்குத்தான் போயிருக்கு."

துரை மீசையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "நாளைக்கி ஆபீசுக்கு வர வேணாம்," என்று இராயப்பனிடம் சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார். அவருக்குப் பின்னால் வீரய்யா தயங்கித் தயங்கிச் சாக்கை விரித்தார். "அந்தக் கல்லு இனிமே யாருக்கும் வேணாந்தானுங்களே ஐயா? மலையில சாமி இல்லாம ஆளுங்க கத்தி தொட மாட்டேங்குறாங்க."

கந்தப்பன் கல்லைத் தானே தூக்கிச் சாக்கில் வைத்தார். மரியநாயகி உள்ளே போய், புருஷனைத் திரும்பியும் பாராமல், அடுப்பில் இன்னும் நாலு மிலாற்றைச் செருகினாள். புகை குபுகுபுவென்று வெளியே வந்தது. கந்தப்பனுக்குக் கண் கரித்தது. அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.